எந்தப் பக்கம் படுத்துத் தூங்குவான்?

குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பட்டியலில் 'குடலிறக்கம்' என்று இருந்தால் மயக்க மருந்து கொடுக்கும் எங்களுக்கு அது வழக்கமான வேலை. முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். சாயங்காலம் பிள்ளை கட்டிலில் உட்கார்ந்து பன் தின்னும். அதே பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் 'எம்.பி.எஸ்.' என்ற மூன்று எழுத்து இருந்தால் முதல் நாளே வார்டுக்குப் போய்விடுவேன். எந்த டியூப், எந்த ஸ்கோப் என்பதெல்லாம் பிறகு. முதலில் அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும்: "பிள்ளை ராத்திரி எந்தப் பக்கம் படுத்துத் தூங்குவான்?"

ஒரு தாய் சொன்னார்: "மல்லாக்கப் போட்டா மூச்சு நின்னு நின்னு வரும் மேடம். வலது பக்கம் ஒருக்களிச்சு, மோவாயத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் தூங்குவான். சளி புடிச்சா அதுவும் முடியாது. எங்க அத்தை செவுத்துல சாஞ்சு உக்காந்து நெஞ்சுல போட்டுக்குவாங்க." எனக்கு வேண்டியதில் பாதி இதிலேயே கிடைத்துவிட்டது. தூக்கத்தில் தளர்வதைவிட மயக்க வாயுவில் தொண்டைத் தசைகள் அதிகமாகத் தளரும். வீட்டில் எந்த நிலையில் காற்றுப் பாதை திறந்திருக்கிறதோ அந்த நிலையில்தான் முகத்தில் மாஸ்க் வைக்கத் தொடங்குவேன். தெளியும்போதும் அப்படியே படுக்க வைப்பேன். ஸ்கேனில் பார்த்துக்கொள்ளலாமே என்று பயிற்சி மருத்துவர்கள் கேட்பார்கள். அந்த ஸ்கேனுக்குள் அசையாமல் படுக்க வைக்கவே இந்தப் பிள்ளைக்கு மயக்கம் கொடுத்தாக வேண்டும். மாமியாரும் மருமகளும் முறை வைத்துக் கண்விழித்துப் பார்த்ததுதான் எனக்குக் கிடைக்கும் முதல் பரிசோதனை முடிவு.

எம்.பி.எஸ். என்கிற ம்யூகோபாலிசாக்கரிடோசிஸ் பல நோய்கள் சேர்ந்த ஒரு குடும்பம். நம் இணைப்புத் திசுக்களில் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் இருக்கின்றன. பழையதை உடைத்து அப்புறப்படுத்த நொதிகள் வேண்டும். மரபணுப் பிழையால் ஒரு நொதி இல்லாமல் போனால் உடைபடாத சங்கிலிகள் செல்களுக்குள்ளேயே சேர்ந்துகொண்டு போகும். 1917இல் சார்லஸ் ஹன்டர் ஒரு அண்ணன் தம்பியிடம் இதில் ஒரு வகையைக் கண்டு எழுதினார். 1919இல் ஜெர்மனியில் கெர்ட்ரூட் ஹர்லர் என்ற பெண் மருத்துவர் இன்னொரு வகையையும், 1929இல் உருகுவேயில் லூயிஸ் மோர்கியோ மற்றொன்றையும் விவரித்தார்கள். அவர்கள் பெயரில்தான் இன்றும் இந்தக் குழந்தைகள் எங்கள் பட்டியலுக்கு வருகிறார்கள்.

பிறந்தபோது எல்லாக் குழந்தையையும் போலத்தான் இருப்பார்கள். போகப் போக நாக்கு தடிக்கும், டான்சில் பெருக்கும், தாடை மூட்டு இறுகி வாய் பாதிதான் திறக்கும். கழுத்து குட்டையாகி விறைக்கும். மூச்சுக்குழாயின் சுவரே தடித்து உள்வழி குறுகும். மோர்கியோ வகையில் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவில் பிடிப்பு இருக்காது. டியூப் போடுவதற்காக வழக்கம்போலத் தலையைப் பின்னுக்குச் சாய்த்தால் தண்டுவடம் நசுங்கலாம். ஹர்லர் வகையில் இதயத்தின் ரத்தக்குழாய்ச் சுவர்களிலும் இதே படிவு இருக்கும். வெளியே ஒரு அடையாளமும் தெரியாது.

இவர்களில் பலர் நோயின் பெயர் தெரிவதற்கு முன்பே எங்கள் மேசைக்கு வந்துவிடுகிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. தொப்புளில் புடைப்பு, கவட்டில் குடலிறக்கம், காதில் சீழ், அடினாய்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு டாக்டர், ஒவ்வொன்றுக்கும் ஒரு மயக்கம். விரல் மடங்கியிருப்பதையும் முகவாகு மாறிவருவதையும் சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை. மூன்று வயதுக்குள் இரண்டாம் முறை குடலிறக்கத்துக்கு வரும் பிள்ளையின் கையை விரித்துப் பாருங்கள் என்று என் மாணவர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பேன். மயக்க மருந்து டாக்டர் தலை முதல் கால் வரை பார்ப்பவர். சந்தேகம் முதலில் நமக்கு வருவதில் தவறில்லை, வரவேண்டும்.

தியேட்டருக்குள் நான் முதலில் எடுப்பது ஜாக்சன் ரீஸ் சர்க்யூட். ஒரு டி வடிவக் குழாய், நீளமான ஒரு டியூப், வால் திறந்த ஒரு ரப்பர் பை, அவ்வளவுதான். குழந்தை தானாக மூச்சு விடும்போது அந்தப் பை உள்ளங்கையில் சுருங்கி விரியும். காற்றுப் பாதை கால்வாசி அடைபட்டாலும் மானிட்டர் கத்துவதற்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும். பையின் இழுப்பு குறையும், நெஞ்சுக்குழி உள்வாங்கும். மூலக் குழாயை 1937இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் பிலிப் அயர் என்ற மயக்கவியல் மருத்துவர் கொண்டுவந்தார். உதடும் அண்ணமும் பிளந்த பச்சைக் குழந்தைகளுக்காகச் செய்தார். அவரே அந்தப் பிளவோடு பிறந்தவர். 1950இல் லிவர்பூலின் ஜாக்சன் ரீஸ் அதில் பையைச் சேர்த்தார். எத்தனையோ விலை உயர்ந்த இயந்திரங்கள் பக்கத்தில் நிற்கும்போதும் கடினமான குழந்தைக்கு என் கை இதைத்தான் தேடும்.

எம்.பி.எஸ். பிள்ளைக்கு மூச்சை நிறுத்தும் தசைத்தளர்வு மருந்தை எடுத்தவுடன் கொடுக்க மாட்டேன். அது உள்ளே போனபின் டியூபும் போகாமல், மாஸ்க்கிலும் காற்று ஏறாமல் நின்றால் கையில் இருப்பது சில நிமிடங்கள்தான். சின்னப் பிள்ளைகளிடம் அந்த இருப்பும் குறைவு. ஆகவே செவோஃப்ளூரேன் வாயுவை மெல்ல மெல்ல ஏற்றி, பிள்ளை தானே மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும்போதே உள்ளே பார்க்க வேண்டும். பல சமயம் தொண்டைக்குள் வைக்கும் லாரிஞ்சியல் மாஸ்க் பிரச்சினையில்லாமல் உட்கார்ந்துவிடும். பிறகு அதன் வழியாகவே வளையும் ஸ்கோப்பை விட்டு டியூபை ஏற்றலாம். காது மூக்கு தொண்டை சர்ஜன் கை கழுவிக்கொண்டு பக்கத்திலேயே நிற்பார். ஆனால் இந்தக் கழுத்தில் தொண்டையில் துளை போடுவதும் லேசல்ல. மூச்சுக்குழாய் ஆழத்தில் கிடக்கும், விரலால் தடவினால் அகப்படாது. கடைசி வழி என்று பாடப்புத்தகம் சொல்வதை நம்பி முதல் வழியில் அவசரப்படக் கூடாது.

டியூபை எடுப்பது போடுவதைவிடப் பெரிய காரியம் என்று நினைக்கிறேன். அறுவை நல்லபடி முடிந்ததும் எல்லோருக்கும் கை தளரும், அடுத்த கேஸைக் கொண்டுவரச் சொல்லிக் குரல் வரும். அந்த நேரத்தில்தான் வீங்கிய தொண்டையோடு, பாதி மயக்கத்தில், பிள்ளை தன் காற்றுப் பாதையைத் தானே காக்க வேண்டியிருக்கும். நன்றாகக் கண்விழித்து, கையைத் தட்டிவிடும் அளவு தெளிந்தபின்தான் எடுப்பேன். அன்றிரவு ஐ.சி.யூ.வில் படுக்கை இல்லையென்றால் அறுவையைத் தள்ளிவைப்பேன். இதற்காக சர்ஜன்களோடு நடந்த வாக்குவாதங்கள் எதற்கும் நான் வருந்தியதில்லை.

எல்லா சிண்ட்ரோமும் ஒரே திசையில் போவதுமில்லை. பியர் ரோபின் குழந்தைக்குக் கீழ்த்தாடை சிறுத்து நாக்கு பின்னால் விழும். கைக்குழந்தையாக இருக்கும்போது குப்புறப் போட்டால்தான் மூச்சு விடும். வளர வளரத் தாடையும் வளர்ந்து பலருக்கு நிலைமை சீராகும். ட்ரீச்சர் காலின்ஸ் நேர்மாறு. கன்ன எலும்பு இல்லாமல், காது சிறுத்துப் பிறக்கும் அந்தக் குழந்தைக்கு வயது ஏற ஏறத்தான் டியூப் போடுவது கடினமாகும். எம்.பி.எஸ்.ஸும் அப்படியே. ஒரு வயதில் சுலபமாகப் போனது என்று பழைய சீட்டில் எழுதியிருப்பதை ஆறு வயதில் அப்படியே நம்பிவிட முடியாது.

காற்றுப் பாதையை விட்டு இன்னொரு குழந்தைக்கு வருகிறேன். எபிடெர்மோலைசிஸ் புல்லோசா. தோலின் அடுக்குகளைச் சேர்த்துப் பிடிக்கும் புரதம் பழுதானதால் லேசாக உரசினாலே கொப்புளம் கிளம்பி உரிந்துவிடும். கடுமையான வகையில் புண் ஆறி ஆறி விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கை மூடிப்போகும். உணவுக்குழாயும் சுருங்கும். விரலைப் பிரிக்கவும் உணவுக்குழாயை விரிக்கவும் திரும்பத் திரும்ப மயக்கம் தேவைப்படும்.

ஒட்டுவதை வைத்துத்தான் எங்கள் தொழிலே நடக்கிறது. ஊசியைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டுகிறோம், டியூபை ஒட்டுகிறோம், ஈ.சி.ஜி. வில்லைகளை ஒட்டுகிறோம், கண் இமைகளைக்கூட மூடி ஒட்டுகிறோம். இந்தக் குழந்தைக்கு எதையும் ஒட்ட முடியாது. முதல் நாளே தியேட்டர் சிஸ்டரோடு உட்கார்ந்து பேசிவிடுவேன். வாசலில் 'பிளாஸ்திரி வேண்டாம்' என்று பெரிதாக எழுதித் தொங்கவிடுவோம், ஏனென்றால் கை பழக்கத்தில் போய்விடும். வில்லையில் பசையுள்ள ஓரத்தைக் கத்தரித்துவிட்டு நடுப்பகுதியை மட்டும் மருந்துத் துணிமேல் வைப்போம். ரத்த அழுத்தப் பட்டைக்கு அடியில் பஞ்சுச் சுற்று. கையில் போட்ட கேனுலாவை மென்துணியால் சுற்றிக் கட்டுவோம், தேவையானால் ஒரு தையல். மாஸ்க்கின் விளிம்பில் பாரஃபின் துணி, என் விரல்களிலும் வாசலின். கண்ணுக்குக் களிம்பு, அதன்மேல் ஈரத்துணி.

ஒரு சிறுமியின் தாயிடம் நான் கற்றது இதற்கெல்லாம் மேல். தள்ளுவண்டியிலிருந்து மேசைக்கு மாற்ற நாங்கள் விரிப்பைப் பிடித்து இழுக்கப் போனோம். "இழுக்காதீங்க டாக்டரம்மா, தூக்குங்க. அமுக்கினா ஒண்ணும் ஆகாது, தேய்ச்சாத்தான் போயிரும்" என்றார். அழுத்தம் செங்குத்தாக இறங்கினால் அந்தத் தோல் தாங்கும், பக்கவாட்டு உரசலைத்தான் தாங்காது என்று புத்தகங்களும் சொல்கின்றன. அவர் ஒன்பது வருடமாகக் குளிப்பாட்டி, துணி மாற்றிக் கற்றிருந்தார். கைப்பையில் சுத்தமான ஊசிகள் வைத்திருந்தார். புதுக் கொப்புளம் கிளம்பினால் பரவுமுன் குத்தி நீரை வடித்துவிடுவார். அன்று முதல் இந்தக் குழந்தைகளை அம்மாதான் மேசையில் படுக்க வைக்கிறார், மயக்கம் ஏறும்வரை பக்கத்திலேயே நிற்கிறார். தொற்று வந்துவிடும் என்று ஆட்சேபித்தவர்களுக்கு நான் சொன்ன பதில், அவருக்கும் ஒரு கவுனும் தொப்பியும் கொடுங்கள் என்பதுதான்.

வாய்க்குள் கொப்புளம் போடும் அந்த நோய் பெரும்பாலும் மூச்சுக்குழாயை விட்டுவைக்கிறது, அதன் உள்சவ்வு வேறு வகை. ஆகவே மெல்லிய டியூபை நன்றாக எண்ணெய்ப்பசை தடவிப் போட்டால் உள்ளே பெரிதாகக் காயம் வராது.

இனி நம் ஊர் உறவுமுறையே உதவிக்கு வரும் ஒரு கேள்வி. "பிள்ளையோட தாய்மாமன் யாராவது சின்ன வயசிலேயே நடக்க முடியாமப் போனாங்களா?" டுஷேன் தசைநலிவு தாய் வழியாக ஆண் பிள்ளைக்கு வரும். நாலு வயதுப் பையனுக்குக் கெண்டைக்கால் பருத்திருக்கும், பார்க்கத் திடமாகத் தெரிவான். தரையிலிருந்து எழச் சொன்னால் தொடையில் கையூன்றி ஏறித்தான் எழுவான். அவனுக்கு சக்ஸமெத்தோனியம் என்ற தளர்வு மருந்தைக் கொடுத்தால் தசைச் செல்களிலிருந்து பொட்டாசியம் ரத்தத்தில் கொட்டி இதயம் நின்றுவிடலாம். நோய் இருப்பதே தெரியாத பையன்கள் இப்படி மேசையிலேயே இறந்த பிறகு, 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அந்த மருந்துக்குக் கடுமையான எச்சரிக்கை சேர்த்தார்கள். தாய்மாமனைப் பற்றி நம் பெண்கள் தயங்காமல் சொல்வார்கள். கேட்பதற்கு அரை நிமிடம் போதும்.

குடும்பம் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டதால் ஒரு நோயே கண்டுபிடிக்கப்பட்டது. மெல்போர்னில் 21 வயது இளைஞர் ஒருவர் விபத்தில் கால் முறிந்து வந்தார். முறிவைவிட மயக்க மருந்துக்குத்தான் பயந்தார். அவருடைய உறவினர்கள் பத்துப் பேர் ஈதர் மயக்கத்தில் இறந்திருந்தார்கள். அப்போது புதிதாக வந்திருந்த ஹாலோதேன் கொடுத்தார்கள். உடம்பு கொதித்தது, நாடி எகிறியது. எச்சரிக்கையோடு இருந்ததால் உடனே நிறுத்தி, பனிக்கட்டியால் குளிரவைத்துப் பிழைக்க வைத்தார்கள். மைக்கேல் டென்பரோவும் லவலும் அதை 1960இல் லான்செட் இதழில் எழுதினார்கள். மாலிக்னன்ட் ஹைபர்தெர்மியா என்று இன்று எல்லா மயக்கவியல் மாணவரும் படிப்பது அதைத்தான். சில பிறவித் தசை நோய்களோடு அது சேர்ந்தே வரும். மாற்று மருந்தான டான்ட்ரோலீன் ஒரு குப்பி 20 மில்லிகிராம். ஒவ்வொன்றையும் 60 மில்லி தண்ணீரில் கரைத்தெடுக்க ஆட்கள் வேண்டும். ஆகவே சந்தேகம் இருக்கும் பிள்ளைக்கு வாயுவையே தொடுவதில்லை, ஊசிவழி மருந்துகளோடு நிறுத்திக்கொள்வேன்.

பட்டினி பற்றியும் சொல்ல வேண்டும். பாலுக்கு ஆறு மணி நேரம், தாய்ப்பாலுக்கு நாலு, தண்ணீருக்கு இரண்டு என்பது பொது விதி. கிளைகோஜன் சேமிப்பு நோயுள்ள குழந்தைக்கு அந்த ஆறு மணி நேரமே ஆபத்து. சர்க்கரை சரசரவென்று இறங்கும். வேகவைக்காத சோளமாவைத் தண்ணீரில் கலக்கி நடுராத்திரி எழுப்பிக் கொடுத்து வளர்க்கும் தாய்மார்கள் அவர்கள். இவர்களைப் பட்டியலில் முதல் கேஸாகப் போட்டு, இரவே குளுக்கோஸ் ட்ரிப் தொடங்கிவிட வேண்டும். ப்ரேடர்-வில்லி குழந்தைக்கு இதற்கு எதிரான சிக்கல். அடங்காத பசி அந்த நோயின் இயல்பு. வெறும் வயிறு என்று எழுதிக் கொடுத்தாலும் பக்கத்துக் கட்டிலின் பிஸ்கட் வயிற்றில் இருக்கலாம்.

வில்லியம்ஸ் சிண்ட்ரோம் குழந்தைகளை நினைத்தால் மனம் கனக்கும். ஏழாவது குரோமோசோமில் ஒரு சிறு துண்டு விட்டுப்போயிருக்கும், அதில் ரத்தக்குழாய்க்கு நெகிழ்வு தரும் எலாஸ்டின் மரபணுவும் அடக்கம். முன்பின் தெரியாத எல்லோரிடமும் ஓடிவந்து ஒட்டிக்கொள்வார்கள், அழாமல் தியேட்டருக்குள் கைபிடித்து வருவார்கள். மகாதமனியும் இதயத்தின் சொந்த ரத்தக்குழாய்களின் வாயும் குறுகியிருந்தால், மயக்கத்தில் ரத்த அழுத்தம் சற்று இறங்கினாலே இதயத்துக்கு ரத்தம் போகாமல் நின்றுவிடக்கூடும். நின்றால் திரும்பக் கொண்டுவருவது மிகக் கடினம். இவர்கள் விஷயத்தில் நான் கேட்கும் முதல் கேள்வி: இந்த ஸ்கேனோ இந்தப் பல் வைத்தியமோ உண்மையிலேயே தேவையா, மயக்கமில்லாமல் முடியாதா?

பெயரே இல்லாமல் வரும் குழந்தைகள்தான் அதிகம். 'சிண்ட்ரோமிக் சைல்ட்' என்று மட்டும் கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கும். எழுதியவர் முகத்தைப் பார்த்தார், அதற்கு மேல் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். பெயர் தெரிந்துவிட்டால் வழி இருக்கிறது. ஜெர்மனியின் மயக்கவியல் சங்கம் நடத்தும் 'ஆர்ஃபன்அனஸ்தீசியா' திட்டத்தில் அரிய நோய்கள் பலவற்றுக்கு என்ன செய்யலாம், எதைத் தவிர்க்கலாம் என்று நிபுணர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். தெரியாவிட்டால் வாய், தாடை, காது, கழுத்து, இதயம், தசை, சர்க்கரை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். காது சிறுத்திருந்தால் தாடையைப் பாருங்கள், கருவில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து இடங்களிலிருந்து உருவாகின்றன.

சொந்தத்தில் கட்டியதா என்று கேட்கும்போது மட்டும் குரலைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்பேன். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் உறவுக்குள் கட்டியவர்கள். அந்தக் கேள்வி கேட்டதும் வார்டில் எல்லோரும் அம்மாவைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். மாமன் மகனைக் கட்ட அவளிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள். அப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்து, இருவரிடமும் பாதிப் பாதி வந்தது என்று விளக்கிய பிறகுதான் அடுத்த கேள்விக்குப் போவேன்.

இந்தக் குடும்பங்களுக்கு அரசு உதவி வந்திருக்கிறது. 2021இன் அரிய நோய்க் கொள்கையின் கீழ் 50 லட்சம் ரூபாய் வரை கிடைக்க வழியுண்டு. எம்.பி.எஸ். நொதி மருந்து வாராவாரம், ஆயுள் முழுக்க, எடைக்கு ஏற்ற அளவில் ஏற்ற வேண்டியது. பிள்ளை வளர வளரச் செலவும் வளரும், தொகையோ அங்கேயே நிற்கும். இதைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். என்னால் முடிந்தது செலவில்லாத ஒன்று.

பெரும்பாலான டிஸ்சார்ஜ் சீட்டுகளில் எங்கள் வேலைக்கு ஒரு வரிதான்: 'பொது மயக்கம், சிக்கல் ஏதுமில்லை'. உள்ளே அரை மணி நேரம் என்ன பாடுபட்டோம், எது பலிக்கவில்லை, எது பலித்தது என்பதெல்லாம் அந்த மருத்துவமனையின் பதிவேட்டோடு நின்றுவிடும். அடுத்த ஊரில் அடுத்த டாக்டர் திரும்ப முதலிலிருந்து தொடங்குவார். பிள்ளைதான் அதற்கு விலை கொடுக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கிறேன். டாக்டருக்கு ஆங்கிலத்தில் ஒரு பக்கம்: தேதி, எடை, மாஸ்க்கில் காற்று ஏறியதா, எந்த பிளேடு, குரல்நாண் எவ்வளவு தெரிந்தது, என்ன டியூப், எப்படி எடுத்தோம், எந்த மருந்து கூடவே கூடாது. அம்மாவுக்குத் தமிழில் ஒரு பக்கம்: உங்கள் பிள்ளைக்கு மூச்சுக்குழாய் போடுவது கடினம், எந்த மயக்கத்துக்கும் முன் இதைக் காட்டுங்கள், பார்க்காமல் ஃபிட்னஸ் எழுதினால் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். லேமினேட் செய்து ரேஷன் கார்டோடு வைக்கச் சொல்வேன்.

ஹன்டர் நோயுள்ள பையன் ஒருவனின் தாய், பக்கத்து மாவட்டத்தில் அவனுக்குக் கை நரம்பு அறுவைக்குத் தேதி குறித்தபோது அந்தக் கடிதத்தை எடுத்து நீட்டியிருக்கிறார். நான் முன்பின் பார்த்திராத அந்த மயக்கவியல் மருத்துவர் முந்தின நாள் சாயங்காலம் எனக்கு போன் செய்தார். லாரிஞ்சியல் மாஸ்க் எந்த சைஸ், ஸ்கோப் உள்ளே போகும்போது கழுத்தை யார் பிடித்தது என்று கேட்டார். நிதானமாகப் பேசினோம். அடுத்த முறை அந்தத் தாய் என்னிடம் வந்தபோது கடிதத்தோடு இன்னொரு தாளும் இணைந்திருந்தது. தேதி போட்டு அந்த மருத்துவர் எழுதியிருந்தார்: எடை மூன்று கிலோ கூடியிருக்கிறது, வாய் முன்பைவிடக் குறைவாகத் திறக்கிறது, நீங்கள் போட்ட நாலு சைஸ் டியூப் குரல்நாணைத் தாண்டி இறங்கவில்லை, மூன்றரைதான் போனது, இனிமேல் முதலிலேயே மூன்றரையையும் மூன்றையும் தயாராக வையுங்கள்.